கருடனுக்குத் துண்டு தூக்கியவன்

மாசி பிறந்துவிட்டால் எனக்குக் கழுத்து வலி வந்துவிடும். அண்ணாந்து பார்த்துப் பார்த்தே வருகிற வலி. நல்லெண்ணெய் கிடைத்த காலத்தில் என் தங்கச்சி சூடு பண்ணித் தேய்த்துவிடுவாள். ஜப்பான் காலத்தில் நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, "மேல பாத்துப் பாத்து உனக்கு என்னதான் கிடைச்சிச்சு?" என்று கேட்பாள். எனக்குச் சட்டென்று பதில் வராது. எதற்குமே எனக்குச் சட்டென்று பதில் வராது.

ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கு என்று இருந்த ஒரே மரியாதை அப்படி மேலே பார்த்ததால் கிடைத்ததுதான். அந்த மரியாதை என் கையைவிட்டுப் போக இருந்த ஒரு பங்குனியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை படித்தவன் நான். ஜப்பான் சண்டைக்கு முன்னால் எனக்குத் தபால்பை தூக்குகிற வேலை. தோட்டத்திலிருந்து பீடோங் ரயில் நிலையத்துக்கு நடந்து போய், பையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ரயில் ஒருநாளும் நேரத்துக்கு வராது. மற்றவர்கள் காப்பிக்கடையில் உட்காருவார்கள். காப்பிக்கடையில் உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், பதிலுக்கு நானும் பேச வேண்டியிருக்கும். அதனால் நிலையத்துக்கு எதிரே இருந்த திடலுக்குப் போய், தூங்குமூஞ்சி மரத்து வேரில் உட்கார்ந்துவிடுவேன். திடலில் புல்லும் பறவைகளும்தான். அவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் புல்லில் நீளக் கால் வைத்து ஓடுகிற ஒரு பறவை இருந்தது. காய்ந்த புல்லின் நிறம், முதுகில் பொன்பொடி தூவினது போலப் புள்ளி. மழைக்காலம் முழுக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மாசி பிறந்ததும் ஒவ்வொன்றின் வயிறும் கறுக்க ஆரம்பிக்கும். முதலில் அங்கங்கே திட்டு, பிறகு வயிறு முழுக்க, பிறகு தொண்டை வரைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடிபோல ஆகிவிடும். அப்படி ஆன பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் திடல் காலியாக இருக்கும். அதன் பேர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. நானாகக் கரிச்சட்டி என்று வைத்துக்கொண்டேன். வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற சின்னக் குருவி ஒன்று, அதே நாட்களில் மஞ்சள் தேய்த்துக் குளித்ததுபோல் மஞ்சளாகிவிடும். அதற்கு மஞ்சக்குளிச்சா என்று பேர். நிலையத்துக் கம்பிகளில் சாயங்காலம் கம்பியே தொய்ந்து போகிற அளவுக்கு அடைகிறவை கம்பிக்குருவிகள். பங்குனி முடிவதற்குள் அவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கம்பி மறுபடி நேராகிவிடும்.

எல்லாம் வடக்கே போயின. லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வானத்தில் கூட்டமாகப் பறவை போனால், "ஊருக்குப் போகுதுங்க" என்பார்கள். பினாங்கிலிருந்து கடல் தாண்டி ஊருக்குப் போகிற கப்பல் மேற்கே போகும் என்று எனக்குத் தெரியும். பறவைகள் போனது சயாம் பக்கம். நான் திருத்தியதில்லை.

தோட்டத்தின் கடைசியில் எங்கள் முருகன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் ஏறினால் வடக்கே ஜெராய் மலையும் மேற்கே மெர்போக் ஆற்றுச் சதுப்புக் காடும் தெரியும். பங்குனியில் வெயில் ஏறினதும் ரப்பர் மரங்களுக்கு மேலே தெற்கிலிருந்து பெரிய பருந்துகள் கூட்டமாக வரும். இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே வழுக்கிக்கொண்டு போய்விடும். அவற்றுக்கு நான் வைத்த பேர் வழிப்போக்கர்கள். ஒன்று கறுப்பாக இருக்கும், ஒன்று வெளுப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் புறாவினுடையதுபோலச் சின்னத் தலை, நீள வால்.

கருடன் வேறு. கருடன் எங்கேயும் போகாது. ஆற்றுச் சதுப்பிலேயே இருக்கிறது. உடம்பு செம்மண் நிறம், தலையும் நெஞ்சும் வெள்ளை வெளேர் என்று இருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒன்றோ இரண்டோ தோட்டத்துப் பக்கம் வரும்.

எங்கள் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று கருடன் கண்ணில் படாமல் பால்குடம் தூக்க மாட்டார்கள். முருகன் கோயிலில் கருடனுக்கு என்ன வேலை என்று வெளித்தோட்டத்துக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். முதன்முதலில் வேலாயுதத்தை நட்ட அன்று கருடன் வட்டமிட்டதாம், அன்றிலிருந்து அப்படி. குடங்களை ஓடைக்கரையில் வரிசையாக வைத்துவிட்டு எல்லாரும் காத்திருப்பார்கள். பாறைமேல் ஒருவன் நின்று பார்த்து வெள்ளைத் துண்டைத் தூக்க வேண்டும். துண்டு உயர்ந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு குடத்தைத் தலையில் ஏற்றுவார்கள். சண்டைக்கு முன்னாலிருந்தே அந்தத் துண்டைத் தூக்கியவன் நான். எனக்குப் பொருத்தமான வேலை. வாயைத் திறக்க வேண்டாம். அத்தனை பேரும் பார்ப்பது துண்டை, என்னையல்ல. ஆனாலும் இறங்கி வரும்போது கோயில் தலைவர் முதல் விபூதியை என் நெற்றியில்தான் பூசுவார். வருடத்தில் அந்த ஒருநாள் லயத்தில் எனக்கு வழிவிட்டு நடப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். கடுதாசி நின்றது. பால்மரம் வெட்டு நின்றது. மரவள்ளி போட்டோம். நான் கிழங்கைத் தூக்கிக்கொண்டு பீடோங்குக்குப் போய் உப்புக்கும் கருவாட்டுக்கும் மாற்றிக்கொண்டு வருவேன். திடலில் பாதியைக் கொத்தி அங்கேயும் மரவள்ளி நட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஜப்பான் சிப்பாய்கள் காலையில் தேகப்பயிற்சிக்குக் கைகாலை ஆட்டுவார்கள். நிலையத்து வாசலில் காவல்காரச் சிப்பாய்க்குக் குனிந்து கும்பிட்டுவிட்டு நான் பழைய வேரிலேயே போய் உட்காருவேன். கரிச்சட்டிகள் மரவள்ளி வரப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சண்டை தெரியவில்லை.

ஜப்பான் காலத்து இரண்டாவது மாசியில்தான் அவர் வந்தார். கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அங்கே எல்லாம் மூடிக் கிடக்க, எங்கள் லயத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எல்லாரும் கரங்கான்காரர் என்றுதான் கூப்பிட்டோம். தலைக்கு எண்ணெய் இல்லாத காலத்திலும் சட்டைப்பையில் சீப்பு வைத்திருந்தவர். ஒருநாள் திடலில் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்ணே, எல்லாரும் சோத்துக்கு அலையிறோம். நீங்க இங்க உக்காந்து என்ன சாமிய பாக்குறீங்க?"

கேலி என்று நினைத்தேன். ஆனாலும் கையை நீட்டிக் காட்டினேன். ஒரு கரிச்சட்டிக்கு அப்போதுதான் வயிற்றில் முதல் திட்டு விழுந்திருந்தது. அவர் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் வரப்பில் குப்புறப் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, "நாளைக்கு இன்னும் கறுக்குமா?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த மாசி முழுக்க நான் பேசிய பேச்சை என் வாழ்நாளில் பேசியதில்லை. திடலைக் காட்டினேன், கம்பியைக் காட்டினேன், பாறைமேல் ஏற்றி வழிப்போக்கர்களைக் காட்டினேன். வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வாளியைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம கரிச்சட்டி இருக்கே, அது இப்ப கல்யாண மாப்பிள்ள. கோட்டு தச்சுக்கிட்டு இருக்கு. இன்னிக்கு வயித்துப் பக்கம் முடிஞ்சிச்சு, நாளைக்குக் காலர். காலர் தச்சு முடிஞ்ச அன்னிக்கு வண்டியேறிரும் லா."

நம்ம கரிச்சட்டி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் என் தங்கச்சியின் சிரிப்பும் இருந்தது. அவள் புருஷனை ஜப்பான்காரன் வேலைக்கு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சமாதானமாக இருக்க வேண்டிய விஷயம். எனக்கு அப்படி இருக்கவில்லை. அதே கரிச்சட்டியைப் பற்றி நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளுவாள். நான் சொன்னபோது வயிறு கறுத்த ஒரு பறவை. அவர் சொன்னபோது அது மாப்பிள்ளை.

அதோடு நிறுத்தினாரா? "இதெல்லாம் நம்ம தபால் அண்ணன் சொல்லிக் குடுத்தது" என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தேன்.

இன்னொரு நாள் நிலையத்து வாசல். இருவரும் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தோம். சிப்பாயின் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சக்குளிச்சா நடந்துகொண்டிருந்தது. இவர் சும்மா இருக்காமல் இடுப்பில் கையை வைத்து, பின்பக்கத்தை ஆட்டி, அதேபோல இரண்டடி நடந்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அந்தச் சிப்பாய் சிரித்துவிட்டான். குருவியைக் காட்டி ஏதோ சொன்னான், வடக்கே கையை நீட்டினான், நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பையிலிருந்து ஒரு சிகரெட் எடுத்து இவரிடம் கொடுத்தான்.

"என்ன சொன்னான்?" என்று அப்புறம் கேட்டேன்.

"இந்தக் குருவி அவங்க ஊருக்குத்தான் போகுதாம்."

"அவன் பேச்சு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கை காட்டுனான்ல? ஊர் ஞாபகம் வந்துருச்சு போல, பாவம்." சிகரெட்டை இரண்டாகக் கிள்ளி ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

நான் புகைக்கிறவன்தான். வேண்டாம் என்றேன். அதே சிப்பாய்க்கு நானும் நாள் தவறாமல் குனிந்திருக்கிறேன். ஒருநாள் குனிந்தது போதவில்லை என்று கன்னத்தில் அறைந்தான். அதுதான் எனக்கும் அவனுக்கும் நடந்த பேச்சு. குருவி என்னுடையது, அறையும் என்னுடையது, சிகரெட் மட்டும் அவருடையது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மெர்போக் சதுப்புக்கு நண்டு பிடிக்கப் போன அன்றுதான் உண்மையில் எனக்குப் பயம் வந்தது. கருடனை அடையாளம் காண்பது எப்படி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். தலையும் நெஞ்சும் வெள்ளையாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் செம்மண். சேற்றில் கால் வைத்ததும், "அந்தா, பட்ட மரத்துல" என்றார். நான் தேடினேன். எனக்கு இலையும் வெளிச்சமும்தான் தெரிந்தன. அது பறந்த பிறகுதான் பார்த்தேன். "அப்பவே பாத்துட்டேன்" என்று சொன்னேன். அவர் நம்பினார். அவருக்கு என்னைவிடக் கண் கூர்மை. பேச்சு அவருக்கு, சிரிப்பு அவருக்கு, இப்போது கண்ணும் அவருக்கு.

பங்குனி வந்தது. என் தங்கச்சி பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மச்சானைக் கொண்டுபோய் மாசக்கணக்காகியிருந்தது. ஏதோ விமான மைதானம் போடுகிற வேலை, மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் மற்ற லயத்து ஆட்களைத் தையில் லாரியில் ஏற்றினார்களாம். எங்கள் மச்சானை அதற்கும் முன்னாலேயே ஏற்றிவிட்டார்கள். ஒரு சேதியும் இல்லை. உத்திரத்தன்று பால் ஊற்றினால் ஆள் திரும்பிவிடும் என்று அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளிடம் வேறு எதுவும் இல்லை. ஓர் ஆட்டை யார் கண்ணிலும் படாமல் மரவள்ளிக்குள் கட்டி வளர்த்தாள். குட்டிக்கும் சரியாக விடாமல் அந்தப் பாலைச் சேர்த்தாள்.

உத்திரத்துக்கு முன்னால் கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. இந்த வருஷம் கரங்கான்காரரையும் உன்கூடப் பாறையில ஏத்தலாம்னு இருக்கேன். அவருக்குக் கண்ணு நல்லா இருக்கு. கத்துனா ஓடைக்கரை வரைக்கும் கேக்கும்."

"சரிங்க" என்றேன்.

"துண்டு உன்கிட்டத்தான்."

"சரிங்க."

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சுண்ணே. அவரு ஏறுனா கருடன் சீக்கிரம் தெரிஞ்சிரும்ல?" என்றாள். சொல்லிவிட்டு என் துண்டை எடுத்துக் கிழிசலைத் தைக்க உட்கார்ந்தாள். துணி கிடைக்காத காலம். கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றியவர்கள்கூட லயத்தில் இருந்தார்கள். அந்தத் துண்டை நான் வேறு எதற்கும் எடுப்பதில்லை. அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டே நான் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கூடுவதற்கு ஜப்பான்காரனிடம் அனுமதி வாங்க வேண்டும். தலைவர் பீடோங்குக்குப் போய்ப் பகல் பன்னிரண்டு வரைக்கும் என்று கேட்டு வாங்கி வந்திருந்தார். எங்களுக்கு அது தாராளம். உத்திரத்தன்று காலையில் குடங்களை ஓடைக்கரையில் வைத்தார்கள். தங்கச்சி குடத்து வாயில் வேப்பிலை செருகி, மேலே ஈரத்துணி போட்டு, நிழல் நகர நகரக் குடத்தையும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு ஜப்பான் சிப்பாயும் ஒரு மலாய்ப் போலீஸும் கோயில் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் கரங்கான்காரரும் பாறைமேல் ஏறினோம்.

வெயில் இன்னும் சரியாக ஏறவில்லை. அப்போது தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வேகமாக வந்து தலைவரிடம் பேசுவது தெரிந்தது. பாறைக்கு அடியில்தான் நின்றார்கள். பேச்சுக் காதில் விழுந்தது.

"மணி பத்தே முக்காலாச்சு. என்ன சும்மா நிக்கிறீங்க?"

"பத்தே முக்காலா? வெயிலே ஏறலியே அய்யா."

"அவங்க கடியாரத்துக்குப் பத்தே முக்கால். இவங்க வந்ததும் ஒன்ற மணி முன்னால தள்ளி வச்சாங்கல்ல, தோக்கியோ நேரம்னு?"

தலைவர் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். "நான் உச்சி வேளைன்னு நெனச்சுல்ல பன்னெண்டு கேட்டேன்" என்றார்.

"குடுத்தது அவங்க. பன்னெண்டும் அவங்க பன்னெண்டுதான். அடிச்ச ஒடனே கலைச்சுருவாங்க."

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டும் இல்லை, வெட்டும் இல்லை என்று ஆன பிறகு தோட்டத்தில் கடியாரம் யாருக்கு வேண்டியிருந்தது? சூரியனைப் பார்த்து எழுந்தோம், சூரியனைப் பார்த்துப் படுத்தோம். நிலையத்துக் கடியாரத்தை அடிக்கடி பார்க்கிற எனக்குக்கூட அது தோன்றவில்லை. கருடனும் எங்களைப்போலத்தான். சூரியனைப் பார்த்துத்தான் வரும். தரை சூடாகி அனல் மேலே கிளம்பினால்தான் அது சதுப்பைவிட்டு இந்தப் பக்கம் திரும்பும். குடம் லயத்தைச் சுற்றிக் கோயிலுக்கு வந்து பால் ஊற்றி முடிக்க நேரம் வேண்டும். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

காத்திருந்தோம். கரங்கான்காரர் வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கீழே குழந்தைகள் சிணுங்கின. ஒரு பாட்டை எடுத்துப் பாதியில் விட்டார்கள். தங்கச்சி ஈரத்துணியை ஓடையில் நனைத்து மறுபடி குடத்தின்மேல் போட்டாள்.

முதலில் தெற்கே ரப்பர் மரங்களுக்குமேல் நாலைந்து புள்ளி. பிறகு அந்த இடமே கொதிப்பதுபோல ஆயிற்று. வழிப்போக்கர்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இரவு எங்கேயோ தாழ்வாகத் தங்கியிருக்க வேண்டும், முதல் அனலிலேயே கிளம்பிவிட்டன. தலைக்கு நேர்மேலே வந்து சுற்றின. நிழல்கள் பாறைமேல் ஓடின. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று வெளிறின மண் நிறம். ஒன்றுக்குக்கூட நெஞ்சு வெள்ளையும் முதுகு செம்மண்ணும் சேர்ந்து இல்லை. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"முருகா, கருடன்!" என்று கரங்கான்காரர் கத்தினார்.

ஓடைக்கரையில் எல்லார் கையும் மேலே போயிற்று. "எத்தன கருடன்டா சாமி" என்று ஒரு கிழவர் குரல் உடைந்து கேட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். இரண்டு பேர் குடத்தைத் தூக்கக் குனிந்தேவிட்டார்கள். தலைவர் கையை நீட்டித் தடுத்து, "துண்டு ஏறட்டும்" என்றார்.

எல்லாரும் பாறையைப் பார்த்தார்கள்.

துண்டு என் தோளில் இருந்தது. அதைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை. தூக்கினால், காலத்துக்கும் கரங்கான்காரர் கூப்பிட்டுக் கருடன் கூட்டமாக வந்த கதைதான் நிற்கும். நான் ஆண்டாண்டாகக் காட்டியது ஒன்று, இரண்டு. அவர் ஏறின முதல் நாளே நூறு. தூக்காவிட்டால் அவர் சொன்னது பொய் என்று ஆகும், என் சொல் நிற்கும். அது கருடன் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்ல எனக்கு முழு நியாயமும் இருந்தது. அந்த நியாயம் அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"துண்டைத் தூக்குங்கண்ணே" என்றார் கரங்கான்காரர் மெதுவாக.

"அது கருடன் இல்ல."

"தெரியும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, தலையும் நெஞ்சும் வெள்ளையா இருக்கணும்னு. இதெல்லாம் வழிப்போக்கன். எனக்குத் தெரியாதா?" அவர் கண் இன்னும் வானத்தில்தான் இருந்தது. "வெள்ள நெஞ்சு வர்ற வரைக்கும் அந்தப் பால் நிக்காதுண்ணே. கடியாரமும் நிக்காது. தங்கச்சியப் பாருங்க."

பார்த்தேன். ஓடைக்கரையில் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. குடத்தின் இருபக்கமும் கையை வைத்துக் குனிந்தபடி, முகத்தை மட்டும் உயர்த்தி, என் தோளில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கினேன்.

குடங்கள் எழுந்தன. லயத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நான் பாறையிலிருந்து தங்கச்சியின் தலையில் இருந்த குடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றேன். துளி சிந்தவில்லை. பால் ஊற்றி முடித்துக் கோயில் மணி அடித்தபோது சிப்பாய் கைக்கடியாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். அதற்குமுன் அவனும் அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பிறகு சொன்னார்கள்.

அத்தனை பேர் நடுவில் தலைவர் முதல் விபூதியை எடுத்து, என்னைப் பார்த்தார், கரங்கான்காரரைப் பார்த்தார், கை நடுவில் தயங்கியது. நானே கரங்கான்காரரை முன்னால் தள்ளிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்கள். அப்படியில்லை. எனக்கு இருந்த எரிச்சல் அப்போது விபூதியைப் பற்றியதே இல்லை. என் தங்கச்சியின் பாலை எனக்கு முன்னால் அவர் நினைத்திருந்தார். நான் பாறைமேல் நின்று நெஞ்சு வெள்ளையைத் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்ணில் தோற்றதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். இதை எப்படி ஆற்றுவது?

மச்சான் திரும்பி வந்தார். அந்த வருடம் மழை பிடிக்கிற நேரத்தில், காய்ச்சலோடு, எலும்பாக வந்தார். தங்கச்சி இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும், "கரங்கான் அண்ணன் கூப்பிட்டு நூறு கருடன் வந்துச்சு, அதான்" என்றுதான் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வாள். துண்டைப் பற்றிச் சொல்ல மாட்டாள். கருடனா இல்லையா என்று நானும் வாய் திறந்ததில்லை, கரங்கான்காரரும் திறந்ததில்லை. சண்டை முடிந்து அவர் கரங்கானுக்கே போய்விட்டார். அங்கே கோயிலில் அவர்தான் கருடன் பார்க்கிறாராம். ஒவ்வொரு பங்குனியிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாகப் பாறைக்குத் திரும்பினேன். கீழே இருக்கப் பிடிக்கவில்லை. சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு. வழிப்போக்கர்கள் போய்விட்டிருந்தன. ஜெராய் மலைக்குமேல் ஒரு மேகம். துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தேன். வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடியிருந்தேன்.

"அண்ணே," என்றது கரங்கான்காரர் குரல். "நெஞ்சு வெள்ள."

கண்ணைத் திறந்தேன். சதுப்புப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று, தாழ்வாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வெயிலில் அந்தச் செம்மண் நிறம் தீ மாதிரி இருந்தது. எங்களுக்கு நேர்மேலே ஒரு வட்டம் போட்டது. அதையும் அவர்தான் முதலில் பார்த்தார்.

கையில் வாழையிலைப் பொட்டலத்தோடு அவர் பாறைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். இலையைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்ப தூக்குங்கண்ணே துண்ட. யாரும் இல்ல. நான் மட்டும் பாக்குறேன்."

தலைக்கு அடியில்தான் இருந்தது துண்டு. எடுக்க ஒரு நொடி போதும்.

"கழுத்து வலிக்குது" என்றேன்.

"சரி, சாப்பிடுங்க" என்று மேலே ஏறி வந்து இலையைப் பிரித்து வைத்தார். சீனி இல்லாமல் வேகவைத்த மரவள்ளிக் கிழங்குப் பொங்கல். நான் சாப்பிட்டேன். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் எனக்காகக் கருடனைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொண்டே.